நீதித் தராசின் இரு தட்டுகள்

 

நமது கடைத்தெருக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. “கல்லாவில் கை வைத்தவன் சில மாதங்களிலேயே வெளியே வந்து மார்தட்டி நடக்கிறான், கோர்ட்டுக்கு இரக்கம் மிஞ்சிவிட்டது” என்பார் ஒரு முதலாளி. அவரே, தம் உறவினர் பிள்ளை ஏதோ குற்றத்தில் அகப்பட்டுக்கொண்டால், “அறியாப் பையன், முதல் தவறு, இதற்கா இவ்வளவு கடுமை?” என்று வருந்துவார். இவ்விரண்டு பேச்சும் ஒரே வாயிலிருந்து வரக் கேட்டிருக்கிறோம். உண்மையைச் சொன்னால், நாமும் அப்படிப் பேசியவர்களே. ஆகவே, நீதிமன்றம் விதிக்கும் தண்டனை போதுமா, மிகையா, நியாயமா என்று எடைபோடும் முறையை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

மார்க்கம் காட்டும் இரு நெறிகள்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில், குறைஷிகளில் உயர்ந்ததான மக்ஸூம் குலத்துப் பெண்ணொருத்தி திருட்டுக் குற்றத்தில் பிடிபட்டாள். குலத்துக்கு இழுக்கு வருமே என்று அஞ்சியவர்கள், நாயகத்தின் நேசத்துக்குரிய உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களைச் சிபாரிசுக்கு அனுப்பினார்கள். நாயகம் அவர்கள் சினந்தார்கள். மேலோர் திருடினால் விட்டுவிட்டு எளியோர் திருடினால் தண்டித்ததே முன்னிருந்தோரின் அழிவுக்குக் காரணம் என்றும், தம் அருமை மகளே ஆயினும் தண்டனை ஒன்றுதான் என்றும் உணர்த்தினார்கள்.

இதைக் கேட்டுக் கடுமையே நீதி என்று முடிவு கட்டிவிடலாகாது. ஹிஜ்ரி 18இல் அரபு நாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியபோது, கலீபா உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்குரிய கைவெட்டுத் தண்டனையை நிறுத்தி வைத்ததாக வரலாறு கூறுகிறது. மற்றொரு சமயம், ஹாத்திப் என்பாரின் அடிமைகள் முஸைனா கோத்திரத்தார் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்து உண்டனர். அவர்கள் பசியால் வாடியவர்கள் என்று கண்ட உமர் (ரலி) அவர்கள், பட்டினி போட்ட எஜமானரின் பக்கம் திரும்பினார்கள். ஒட்டகத்தின் விலை 400 திர்ஹம். எஜமானர் 800 திர்ஹம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

முதல் சம்பவம், ஆள் பார்த்து நிறுக்காதே என்கிறது. பின்னவை, நிலைமையைப் பாராமல் நிறுக்காதே என்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்ததே நீதி.

நம் நாட்டு அனுபவம்

மலேசியாவில் 15 கிராம் ஹெராயினோ 200 கிராம் கஞ்சாவோ, அதற்கு மேலோ வைத்திருப்பவரைக் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அல்லவென்று காட்டுவது அவர் பொறுப்பு. 1983 முதல் கடத்தல் குற்றம் நிரூபணமானால் தூக்கு ஒன்றே தண்டனையாக இருந்தது. கூலிக்குப் பொட்டலம் சுமந்த ஏழையும், திரைமறைவில் பணம் குவித்தவனும் ஒரே கயிற்றின் கீழ் நின்றனர். நீதிபதியின் கையில் தராசு இருந்தது. எடைக்கல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

2018இல் இதில் சிறு தளர்வு வந்தது. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. மரண தண்டனை ஒழியவில்லை. விதிப்பதா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமை நீதிபதிக்குக் கிடைத்தது. ஏற்கெனவே தண்டனை பெற்றிருந்த 1,000 பேருக்கு மேற்பட்டோர், தம் தண்டனையை மறுபரிசீலனை செய்யக் கூட்டரசு நீதிமன்றத்தை நாடவும் வழி பிறந்தது. இது இளக்காரம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் கொலைக் குற்றத்தில் தூக்குக்குப் பதில் விதிக்கப்படுவது 30 முதல் 40 ஆண்டுச் சிறையும், 12க்குக் குறையாத பிரம்படியும். இதை இளக்காரம் என்று எவ்வாறு சொல்வது?

கடை வழக்குகள்

இனி, நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருவோம். கடைச் சிப்பந்தியோ கணக்கப்பிள்ளையோ ஒப்படைத்த பணத்தைக் கையாடினால், தண்டனைச் சட்டத்தின் 408ஆவது பிரிவு பாய்கிறது. குறைந்தது 1 ஆண்டு, கூடியது 14 ஆண்டுச் சிறை. பிரம்படியும் அபராதமும் உண்டு. ஒன்றுக்கும் பதினான்குக்கும் இடையில் ஏன் இத்தனை அகலம்? பிள்ளையின் வைத்தியத்துக்காக ஒருமுறை 2,000 வெள்ளி எடுத்து, தானே வந்து ஒப்புக்கொண்டவனும், ஐந்தாண்டு பொய்க் கணக்கு எழுதி 2,00,000 வெள்ளி சுருட்டியவனும் ஒன்றல்ல என்பதால்தான்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறைவதும் நம்மவருக்கு உறுத்துகிறது. நம் நாட்டில் முறைப்படி பேசித் தீர்க்கும் வழக்குகளில், விலக்குகள் நீங்கலாக, உச்ச தண்டனையில் பாதிக்கு மேல் விதிப்பதில்லை. சிங்கப்பூரிலும் 2023 அக்டோபர் 1 முதல், தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்வோருக்கு 30 விழுக்காடு வரை குறைக்கலாம் என்ற வழிகாட்டுதல் உள்ளது. வழக்கு நீண்டால் கடையை அடைத்துவிட்டுச் சாட்சிக் கூண்டுக்கு அலைபவர் யார்? நாம்தானே! அந்த அலைச்சலை மிச்சப்படுத்தியதற்கும் ஒரு விலையுண்டு.

நீதிபதிகளும் மனிதர்களே. ஒத்த குற்றத்துக்கு ஓரிடத்தில் ஒன்றும் மற்றோரிடத்தில் வேறொன்றும் விதிக்கப்படக் காரணமில்லாது போனால் அது அநீதியே. அதை எடுத்துச் சொல்வது நம் கடமை. அதற்கும் வழியுண்டு. தண்டனை போதாதென்று கருதினால் அரசாங்கத் தரப்பு 14 நாட்களுக்குள் அப்பீல் செய்யலாம். நஷ்டப்பட்டவர் கேட்டுக்கொண்டால், தண்டனை விதிக்குமுன் அவர் தம் பாதிப்பைக் கோர்ட்டில் கூறலாம். அரசாங்கத் தரப்பு மனுச் செய்தால் குற்றவாளி நஷ்டஈடு தரவும் உத்தரவாகும். விசாரணை நாளன்று, “கடையில் ஆளில்லை” என்று போகாமலிருந்துவிட்டு, தீர்ப்பு வந்தபின் பள்ளிவாசல் வாயிலில் நின்று குறைகூறுவதில் என்ன பயன்?

நமது பங்கு

கோர்ட்டில் வாக்குமூலம் கொடுக்கையில் 3,000 வெள்ளி நஷ்டத்தை 5,000 ஆக்கலாகாது. பகைமை நம்மை நீதியினின்று பிறழச் செய்யக்கூடாது என்பது திருக்குர்ஆன் 5:8இன் போதனை. சொந்தக்காரர் குற்றம் புரிந்தாலும் உண்மைக்கே சாட்சி நிற்கவேண்டும் என்பது 4:135. உமர் (ரலி) அவர்கள் அந்த எஜமானரிடம் கண்ட குறை நம்மிடம் உண்டா என்றும் பார்க்கவேண்டும். சிப்பந்திக்குச் சம்பளம் உரிய நாளில் கிடைக்கிறதா? கல்லாக் கணக்கு அன்றாடம் சரிபார்க்கப்படுகிறதா? இவற்றில் நாம் தவறியது திருடியவனைக் குற்றமற்றவன் ஆக்கிவிடாது. ஆனால் நம் கோபத்தின் அளவை நமக்கே காட்டும்.

வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போருக்குக் கேடு என்று 83ஆவது சூரா எச்சரிக்கிறது. அதை அரிசிக்கும் துணிக்கும் மட்டும் உரியதென்று நினைத்திருந்தோம். அயலான் மகனுக்குத் தண்டனையை நிறைய அளக்கச் சொல்லி, நம் மகனுக்குக் குறைத்து அளக்கச் சொல்வதும் அதே அளவு மோசடியல்லவா? அடுத்த முறை ஒரு தீர்ப்பைக் குறைகூற நாவெழும்போது, அந்தக் கூண்டில் நம் பிள்ளை நின்றிருந்தால், பறிபோன பணமும் நம்முடையதாயிருந்தால் என்று இரண்டு தட்டிலும் நம்மை வைத்துப் பார்ப்போமாக!

வல்ல அல்லாஹ் நம் கடையிலும் நம் நாவிலும் தராசை நேராக நிற்கச் செய்வானாக! ஆமீன்.