கையொப்பம் இல்லாக் கண்ணாடி ஓவியங்கள்: தஞ்சைக் கலைஞரை அறியும் வழிகள்

முன்னுரை

தஞ்சை, கும்பகோணம் பகுதிகளின் பழைய வீடுகளிலும் பஜனை மடங்களிலும் கண்ணாடியில் தீட்டிய படங்கள் பல தொங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் தீட்டியவர் பெயர் இல்லை. பெயரில்லாப் படைப்பின் உரியவரை எங்ஙனம் அறிவது? இவ்வினா தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. இயற்பெயர் தெரியாத புலவர்களைச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என அவர்தம் சொற்றொடராலேயே சுட்டிய மரபு நம்முடையது. அவ்வழி ஓவியத்திற்கும் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்ணாடி ஓவியத்தின் இயல்பு

கண்ணாடியின் பின்புறம் தீட்டி முன்புறமாகக் காண்பது இக்கலை. 18ஆம் நூற்றாண்டில் சீன வாணிகத்தின் வழியே இந்தியாவிற்கு வந்த இது, பின்னர்த் தஞ்சையிலும் வேரூன்றியது. மரப்பலகையில் சுண்ணப் பூச்சால் மேடு எழுப்பிப் பொன்தாளும் கற்களும் பதிக்கும் தஞ்சைப் பலகைப் படம் வேறு, இது வேறு. இதில் பொன்தாளைக் கண்ணாடியின் பின்னே வைப்பர். பலகையில் இறுதியாக வரையும் கண்ணும் அணிகலனும் இங்கு முதலில் வரையப்படும். பின்னணி வண்ணம் இறுதியில் வரும். முதலில் இட்ட கோட்டைப் பின்னர்த் திருத்துதல் அரிது. ஆகவே கலைஞனின் கைப்பழக்கம் மறையாமல் தங்கிவிடுகிறது.

கைப்பழக்கமும் எழுத்தும்

முதற்சான்று கோடு. கண்ணின் வளைவு, விரல் நுனி, திரைச்சீலையின் மடிப்பு ஆகிய சிறு உறுப்புகளைக் கலைஞன் எண்ணாமலே ஒரே வகையாய் வரைவான். பல படங்களில் இவை ஒத்து வரின், ஒரு கை அல்லது ஒரு பட்டறை எனக் கருதலாம்.

இரண்டாம் சான்று இடவல மாற்றம். மூலப்படத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து அப்படியே வரைந்தால், முன்புறம் காணும்போது வலக்கை இடக்கையாகிவிடும். இதனைக் கருதி மூலத்தை முன்னரே திருப்பிக்கொண்டவரும் உளர், கருதாதவரும் உளர். இதுவும் பட்டறையின் வழக்கத்தைக் காட்டும்.

மூன்றாம் சான்று எழுத்து. கண்ணாடியில் எழுத்தையும் திருப்பியே எழுதவேண்டும். துருக்கி, செனெகல் முதலிய நாடுகளின் கண்ணாடி ஓவியங்களில் அரபு எழுத்துகள் இடம்பெறுவதுண்டு. வலமிருந்து இடமாகச் செல்லும் அவ்வெழுத்தைப் பின்புறத்தில் இடமிருந்து வலமாக எழுதவேண்டியிருக்கும். புள்ளி இடம் மாறியிருப்பின், எழுதியவர் அம்மொழி அறியாது வடிவத்தை மட்டும் படியெடுத்தார் என ஐயுறலாம். தமிழ் எழுத்திற்கும் இது பொருந்தும்.

பொருட்சான்றும் அதன் எல்லையும்

கையால் ஊதிச் செய்த பழைய தகட்டில் குமிழியும் அலையும் காணப்படும். ஃபூர்கோ கண்ட இயந்திர முறை 1902ஆம் ஆண்டினது. மிதவைக் கண்ணாடியைப் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்தது 1959இல். செயற்கை அல்ட்ராமரின் நீலம் 1820களின் இறுதியிலும், டைட்டேனியம் வெள்ளை 1920ஐ ஒட்டியும் வழக்கிற்கு வந்தன. இரவிவர்மாவின் அச்சகம் 1894இல் தொடங்கியது. அதன் அச்சுப்படத்தைப் பார்த்து வரைந்தது அவ்வாண்டிற்கு முற்பட்டதாகாது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. புதிய பொருள் இருப்பின் ஓவியம் அதற்குப் பிற்பட்டது என்பது உறுதி. பழைய பொருள் இருப்பின் ஓவியம் பழையது என்பது உறுதியன்று. பழைய கண்ணாடியில் இன்றும் தீட்டலாம்; பழைய ஓலையில் புதிய பாடலை எழுதுவது போன்றது அது. மேலும், பொருள் காலத்தைக் கூறுமேயன்றிக் கலைஞன் பெயரைக் கூறாது.

பெயரிடுவதில் நேர்மை

பழம்பொருள் வாணிகத்தில் பெயருக்கு விலையுண்டு. அதனால் சான்றின்றிப் பெயர் சூட்டும் ஆசை எழுகிறது. மைசூர்ப் படமும் செட்டிநாட்டு வீட்டுப் படமும் ‘தஞ்சைப் படம்’ எனவே விற்கப்படலாம். கிடைத்த ஊர் வேறு, தீட்டிய ஊர் வேறு என்பதை ஆய்வாளன் உணர்தல் வேண்டும். ஒரு கையினவாகத் தோன்றும் படங்களை ‘அகன்ற விழிக் கலைஞர்’ என்பது போன்ற அடையாளத்தால் தொகுத்து, உறுதியான சான்று கிடைக்கும்வரை காத்திருப்பதே முறை. பொய்ப்பெயர் ஒன்று நிலைபெற்றுவிடின், உண்மையில் உழைத்தவன் இருமுறை மறக்கப்படுகிறான்.

முடிவுரை

இச்சான்றுகள் நம் இல்லங்களிலேயே அழிந்து வருகின்றன. சட்டம் மாற்றுங்கால் பழைய பின்பலகையையும், சட்டமிட்ட கடையின் சீட்டையும், உள்ளே ஒட்டிய செய்தித்தாளையும் எறிந்துவிடுகிறோம். ஊரையும் காலத்தையும் கூறவல்லவை அவையே. வண்ணப்பூச்சின்மேல் ஈரத்துணி பட்டால் ஓவியம் உதிரக்கூடும். ஆதலின் பின்புறத்தைத் துடைத்தல் கூடாது. பெரியோர்கள் தம் வீட்டுப் படம் யாரிடம், எவ்வூரில் வாங்கப்பெற்றது என்பதைச் சொல்லிவைக்க வேண்டும். மாணவர்கள் அதனைக் கேட்டு, நாளும் இடமும் குறித்து எழுதிவைக்க வேண்டும். ஓலைச்சுவடிகளை வீடுவீடாய்த் தேடியவர்களால் நமக்கு இலக்கியம் கிடைத்தது. அத்தேடல் கண்ணாடிக்கும் உரியதாகுக.