மடிக்கணினிக்குள் ஓர் இசைக்குழு

பேராக் மாநிலத்தில் ரப்பர் வேர்விட்ட வரலாறு நம் வாசகர்கள் அறிந்ததே. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பெற்ற கன்றுகளுள் ஒன்று, மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் மரமாக நிற்கின்றது. ஆயினும், அதன் பின்னர் ஈப்போவைச் சூழ்ந்தும் சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் எழுந்த தோட்டங்களுள் பல, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டுவிட்டன. தோட்டம் கலைந்தபோது அதனோடு கலைந்தவற்றுள் இசைக்குழுவும் ஒன்றாகும். ஆர்மோனியம் வாசித்தவர் ஒரு தாமானுக்கும், தபேலா தட்டியவர் வேறொரு பட்டணத்துக்கும் சென்றுவிட்டனர். மாரியம்மன் திருவிழா வந்தால், வெளியிலிருந்து குழுவைப் பணம் கொடுத்து அழைக்க வேண்டியிருக்கிறது. இயலாதபோது கைப்பேசியை ஒலிபெருக்கியில் இணைத்துத் திரைப்பாடலை ஓடவிடுகின்றோம்.

எஞ்சியிருக்கும் இரண்டு மூன்று பேர் மட்டுமே சேர்ந்து ஒரு குழுவாக வாசிக்க வழி உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே விடை. மடிக்கணினியும், அதனுள் இயங்கும் மென்பொருள் இசைக்கருவிகளும் அதற்குத் துணைபுரிகின்றன. அதனை அமைக்கும் முறையையும், அமைப்போர் பெரும்பாலும் இடறும் இடங்களையும் இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் சற்று வரலாறு. 1983ஆம் ஆண்டில், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு ஒரு பொதுமொழி வகுக்கப்பட்டது. அமெரிக்கரான டேவ் ஸ்மித், ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷி ஆகிய இருவரும் அம்முயற்சியில் முன்னின்றவர்கள். 'மிடி' எனப்படும் அம்மொழி ஒலியைச் சுமந்து செல்வதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு விசையோடு, எப்போது அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் கட்டளையை மட்டுமே அது கொண்டு செல்கிறது. காலைப் பிரட்டில் இன்னாருக்கு இன்ன நிரை என்று சொல்லப்படுகிறதல்லவா? அதைப் போன்றதே இது. பால் வெட்டுவது மரத்தடியில் நிற்பவரே.

தமிழ்த் திரையிசையில் இக்கருவிகள் விரைவாகவே நுழைந்தன. 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா அவற்றைப் பயன்படுத்தியது பரவலாக அறியப்பட்ட செய்தி. ஏ.ஆர். ரகுமானின் கதையோ நமக்கு இன்னும் அணுக்கமானது. இசையமைப்பாளரான தந்தை ஆர்.கே. சேகர் இறந்தபோது அவர் சிறுவர். தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அக்குடும்பம் காலந்தள்ளியது. 1989இல் தம் வீட்டுக் கொல்லையில் அவர் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992இல் வந்த 'ரோஜா' அவருக்கு முதல் படத்திலேயே தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. பெரிய அரங்கும் பெருங்கூட்டமும் இல்லாமல் வீட்டோரக் கூடத்தில் இசை உருவாக்கலாம் என்பதை அவர் காட்டினார். ஆனால் அன்று அத்தகைய கருவிகளை வாங்குவதற்குப் பெரும்பொருள் தேவைப்பட்டது.

பொருட்சுமையைக் குறைத்தது அதன் பின்னர் நிகழ்ந்த மாற்றமே. 1996இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 'வி.எஸ்.டி.' என்னும் முறையை வெளியிட்டது. 1999 முதல் இசைக்கருவிகளையே மென்பொருளாக எழுதிக் கணினியில் பொருத்த அம்முறை வழிசெய்தது. 1983இல் வந்த யமஹா டி.எக்ஸ்.7 என்னும் கருவியின் எடை ஏறத்தாழ 14 கிலோ. அதே ஒலிகளைத் தரும் 'டெக்ஸெட்' என்னும் மென்பொருளுக்கு எடையும் இல்லை, விலையும் இல்லை.

எவை வேண்டும்?

மடிக்கணினி புதிதாக இருக்க வேண்டுமென்பதில்லை. எட்டு ஜி.பி. நினைவகமும், எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பு வட்டும் உள்ள பழைய கணினி தொடக்கத்துக்குப் போதும். பிள்ளைகள் பள்ளிப் பாடத்துக்குப் பயன்படுத்தி ஒதுக்கிவைத்த கணினியாகவும் இருக்கலாம். அதில் பழைய சுழல்வட்டு இருந்தால் அதை மட்டும் மாற்றினாலே பெரும் வேறுபாடு தெரியும். அடுத்து, 49 கட்டைகள் கொண்ட மிடி கீபோர்டு ஒன்று. 25 கட்டைகளில் இரண்டு ஸ்தாயிதான் கிடைக்கும், இரு கைகளால் வாசிப்பவருக்கு அது போதாது. மூன்றாவது, ஆடியோ இன்டர்ஃபேஸ் எனப்படும் ஒலி இணைப்புப் பெட்டி. பாடுவோரின் ஒலிவாங்கியைக் கணினியோடு இணைப்பதும், கணினியின் ஒலியைத் தூய்மையாக வெளியே அனுப்புவதும் இப்பெட்டியின் பணி.

மென்பொருளுக்குப் பணம் செலவழிப்பது முதல் ஆண்டில் தேவையற்றது என்பது என் கருத்து. சர்ஜ் எக்ஸ்.டி. முற்றிலும் இலவசமானது, வைட்டல் என்பதற்கும் இலவசப் பதிப்பு உண்டு. இவற்றை ஏற்றி இயக்குவதற்கு ஆர்டர், வேவ்ஃபார்ம் ஃபிரீ போன்றவை இருக்கின்றன. ரீப்பர் என்னும் மென்பொருளை 60 நாள் சோதித்துப் பார்த்த பின்னர், தனியாள் உரிமத்துக்கு 60 அமெரிக்க டாலர் செலுத்தலாம். திருட்டுப் பிரதியை எவரேனும் கொடுத்தால் வாங்க வேண்டா. சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறமிருக்க, அதனோடு வரும் வைரஸ் திருவிழா இரவன்றுதான் தன் வேலையைக் காட்டும்.

ஒலி உருவாகும் விதம்

மென்பொருள் இசைக்கருவியின் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதைப் பால்மரத் தொழிலாளருக்கு விளக்குவது எளிது. முதலில் அலையியற்றி ஒரு முரட்டு ஒலியைச் சுரக்கிறது. அடுத்து வடிப்பான் அதனை வடிகட்டுகிறது. சல்லடைக் கண்ணைச் சுருக்கினால் கூர்மையான மேலொலிகள் தங்கிவிட, மென்மையான அடியொலி மட்டுமே வெளிவரும். மூன்றாவது, ஒலி எழுந்து அடங்கும் வடிவம். பட்டையில் வெட்டு விழுந்தவுடன் பால் விரைந்து வழிகிறது. பிறகு வேகம் குறைகிறது. ஒரே சீராகச் சொட்டுகிறது. இறுதியில் உறைந்து நிற்கிறது. ஓர் ஒலிக்கும் இதே நான்கு நிலைகள் உண்டு. நான்கையும் தனித்தனித் திருகுகளால் கூட்டிக் குறைக்கலாம். எழுச்சியை மெதுவாக்கினால் வயலின் போன்ற ஒலி. சட்டென எழுந்து உடனே அடங்கவிட்டால் வீணையின் மீட்டு. ஆயத்த ஒலிகள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், முதல் ஒரு மாதம் ஒரே ஒலியை எடுத்துக்கொண்டு இத்திருகுகளைப் பழகுவதே நல்லது.

தாமதம் என்னும் தொல்லை

கட்டையை அழுத்திய பின் ஒலி சற்றுப் பிந்தி வந்தால் எவராலும் தாளத்தோடு வாசிக்க இயலாது. பலர் முதல் நாளிலேயே மனமொடிந்து கைவிடுவது இதனால்தான். கணினி ஒலியைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு விநாடிக்கு 48,000 ஒலிக்கூறுகள் என்று வைத்து, ஒரு பொட்டலத்தில் 1,024 கூறுகளை அடைத்தால் 21 மில்லி விநாடி பிந்தும். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், இது வாத்தியக்காரர் ஏழு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். பொட்டலத்தை 256ஆகக் குறைத்தால் தாமதம் ஐந்து மில்லி விநாடியளவுக்கு இறங்கும். இரண்டு மீட்டருக்கும் குறைவான தொலைவு அது. மற்ற பகுதிகளில் ஏற்படும் தாமதமும் சிறிது சேரும். எனினும் கைக்கு அது தெரியாது. மிகவும் குறைத்தாலோ பழைய கணினி மூச்சுவாங்கி, ஒலியில் வெடிப்பு கேட்கும். ஆகவே 256இல் தொடங்கி, வெடித்தால் ஒருபடி ஏற்றுக. விண்டோஸ் கணினியாயின், ஒலி இணைப்புப் பெட்டியோடு வரும் 'ஏசியோ' இயக்கியைத் தவறாமல் பொருத்த வேண்டும்.

நம் இசைக்கு இசைவித்தல்

இனி வருவது நம்மவர்க்கே உரிய சிக்கல். கீபோர்டின் சுரங்கள் சம இடைவெளியில் அமைந்தவை. ஓர் அரைச் சுரத்தை நூறு கூறாக்கினால் ஒரு கூறுக்குச் 'சென்ட்' என்று பெயர். கீபோர்டின் அந்தர காந்தாரம் ஆதார சட்ஜத்திலிருந்து 400 சென்ட் உயரத்தில் நிற்கிறது. தம்புராவோடு இயல்பாக இணையும் காந்தாரமோ 386 சென்ட் அளவிலேயே இருக்கிறது. பதினான்கு சென்ட் வேறுபாட்டைப் பழகிய செவி உடனே உணரும். இத்தகைய குறைகளை முன்னிட்டே அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கிவைத்திருந்தது.

ஆர்மோனியத்தால் இயலாத ஒன்று மென்பொருளால் இயலும். சர்ஜ் எக்ஸ்.டி.யில் ஒவ்வொரு சுரத்தின் இடத்தையும் நாமே மாற்றியமைக்கலாம். கமகத்துக்கு, கீபோர்டின் இடப்புறத்திலுள்ள சுருதிச் சக்கரத்தைப் பழக வேண்டும். அது 16,384 படிகளாக நகர்வதால் சுரம் வழுக்கிச் செல்வதில் வெட்டுத் தெரியாது. வலக்கை வாசிக்க, இடக்கை சக்கரத்தை அசைக்கும் இப்பழக்கம் கைவர மாதங்கள் பிடிக்கும். இதற்குக் குறுக்குவழி இல்லை.

சுருதிப்பெட்டிக்கெனத் தனிப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பெங்களூரில் குழலிசை வல்லுநரும் பொறியாளருமான ஜி. ராஜ் நாராயண் மின் சுருதிப்பெட்டியை உருவாக்கினார். ஒரு சட்ஜத்தையும் ஒரு பஞ்சமத்தையும் நிறுத்தி ஒலிக்கச் செய்தால் அதே பணியை மடிக்கணினியும் செய்யும். பாடுபவரின் கட்டைக்கு ஏற்ப அதனை மாற்றிக்கொள்ளலாம். நாகசுரத்தோடு சேர்ந்து வாசிப்பதானால் ஒரு செய்தி நினைவில் இருக்கட்டும்: நாகசுரக்காரர் கணினிக்கு இசையமாட்டார், கணினிதான் அவருக்கு இசைய வேண்டும். அவர் ஊதும் சட்ஜத்தைக் கேட்டுச் சென்ட் கணக்கில் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்க.

தாளத்தைப் பொறுத்தவரை என் அறிவுரை சற்றுக் கடுமையானது. கணினியில் தாளத்தை ஓடவிட்டு உருமிக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டா. மென்பொருள்களில் 'இந்திய மேளம்' என்று கிடைப்பது பெரும்பாலும் தபேலாவே; உருமியைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமல் அவற்றில் இல்லை. கல்லுமலைத் தைப்பூசத்தில் உருமியைக் கேட்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. உருமியும் தப்பும் கையாலேயே வாசிக்கப்படட்டும். கணினி சுருதியையும் பின்னணியையும் தாங்கட்டும். மேளம் சூடேறச் சூடேற வேகம் கூடும் என்பதால், ஒரே வேகத்தில் ஓடும் பதிவுகளைத் தவிர்ப்பதே முறை.

மேடையில் மின்சாரத்தைக் குறித்துக் கவனம் வேண்டும். ஒலிபெருக்கியில் 'உம்' என்னும் இரைச்சல் கேட்டால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் அந்த வழியில்தான் இருக்கிறது, டி.ஐ. பெட்டி என்னும் சிறு கருவியை இடையில் பொருத்தினால் தீரும். அதற்காக மூன்று முனைச் செருகியின் நிலத்தொடர்பு முனையை உடைத்துவிடுவோர் உண்டு. மழையில் நனைந்த பந்தலில், ஒலிவாங்கியை உதட்டருகே வைத்துப் பாடுபவரின் உயிரோடு விளையாடும் செயல் அது.

நிகழ்ச்சிகள் இல்லாத நாட்களில் இதே அமைப்பைக் கொண்டு ஒலிப்பதிவு செய்யலாம். தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி, கங்காணியைக் கேலி செய்து பாடிய பாட்டு ஆகியவற்றை அறிந்த பாட்டிமார் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் அனுமதி கேட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒலிவாங்கியை ஒரு சாண் தொலைவில் வைத்துப் பாடச் சொல்லுங்கள். பின்னணி இசையைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். இசை சேராத மூலக் குரலை அழிக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவையும் இரண்டு இடங்களில் சேமியுங்கள். கோப்பின் பெயரில் பாடியவர் பெயர், நாள் ஆகியவற்றுடன், அப்பாட்டை அவர் கற்ற தோட்டத்தின் பெயரையும் டிவிஷன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பல தோட்டங்களின் பெயர் இப்போது சாலைப் பலகைகளில் இல்லை.