மாடுகளுக்குக் கண்காணா வேலி: கழுத்துப்பட்டையின் உபயோகமும் பராமரிப்பும்

மேய்ச்சல் தரையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றில் மாடுகளை மேயவிட்டு மற்றவற்றைத் தழையவிடுவதே புல்வளம் குன்றாமற் காக்கும் வழி என்பது யாவரும் அறிந்தது. அவ்வாறு பிரிப்பதற்கு வேலி இன்றியமையாதது. ஆனால் கம்பி வேலிக்குப் பணமும் ஆளும் அதிகம் பிடிக்கும். ஒருமுறை நட்டதை வேண்டும்போதெல்லாம் பெயர்த்து வைப்பதும் எளிதன்று. இக்குறையை நீக்கும்பொருட்டு நார்வே, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, அமெரிக்கா முதலிய தேசங்களில் கண்ணுக்குப் புலப்படாத வேலியொன்று வழக்கத்திற்கு வந்துள்ளது. அதன் தன்மையையும், கையாள வேண்டிய முறையையும், அதனை நம்பலாகாத இடங்களையும் இங்கு விளக்குவோம்.

தோற்றம்

இவ்வேலி முதலில் மாட்டுக்கென ஏற்பட்டதன்று. 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்ட் பெக் என்பவர், வளர்ப்பு நாய் வீட்டெல்லையைத் தாண்டாதிருக்க, மண்ணிற் புதைத்த கம்பியையும் நாயின் கழுத்துப்பட்டையையும் இணைத்து ஓர் ஏற்பாடு செய்தார். பரந்த மேய்ச்சற் காடுகளில் அவ்வாறு கம்பி புதைப்பது இயலாத காரியம். செயற்கைக்கோள்களைக் கொண்டு இடமறியும் ஜி.பி.எஸ். முறை பரவிய பின்னரே மாடுகளுக்கு இது கைகூடிற்று. பொதுமக்கள் பெறும் ஜி.பி.எஸ். குறிப்பை வேண்டுமென்றே பிழைபடுத்தி வந்த வழக்கத்தை அமெரிக்க அரசாங்கம் 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறுத்தியது இதற்குப் பெருந்துணையாயிற்று.

ஆஸ்திரேலியாவில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் அரசாங்க ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் ஆய்வுகளினின்று ஈஷெப்பர்ட் என்ற பட்டை தோன்றிற்று. நார்வேயின் நோஃபென்ஸ் கம்பெனியார் முதலில் வெள்ளாடுகளுக்கும் பின்னர் மாடு, செம்மறிகளுக்கும் பட்டை செய்தனர். நியூஸிலாந்தில் ஹால்டர் என்ற பட்டை கறவை மாடுகளுக்கு வழங்குகிறது. அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில், ஓடைக்கரைகளையும் தீயால் எரிந்த மேய்ச்சற் காடுகளையும் மாடு மிதியாமற் காப்பதற்கும் இம்முறையைக் கையாளுகின்றனர்.

வேலை செய்யும் விதம்

பண்ணைக்காரர் தமது செல்பேசியிலுள்ள நிலப்படத்தின்மீது எல்லைக்கோடு வரைகிறார். அக்கோடு ஒவ்வொரு மாட்டின் பட்டைக்கும் அனுப்பப்பெற்று அதில் பதிந்துவிடுகிறது. மாடு எல்லையை நெருங்கியதும் பட்டை ஒலி எழுப்பும். மாடு திரும்பினால் ஒலி உடனே நின்றுவிடும். திரும்பாமல் மேற்சென்றால் மட்டும் கழுத்தில் சிறு மின்னதிர்ச்சி உண்டாகும். நோஃபென்ஸ் பட்டையில் இதன் அளவு 0.2 ஜூல், சாதாரண மின்கம்பி வேலியிலோ இது பல ஜூல் வரை இருப்பதுண்டு. ஒலியும் அதிர்ச்சியும் மும்முறை நிகழ்ந்தும் மாடு நில்லாது சென்றால், பட்டை அதனை மேலும் வருத்தாமல், மாடு தப்பிவிட்டதென உடையவருக்குச் செய்தி விடுக்கும். அந்த மாடு தானே உள்ளே திரும்பி வரும்போது ஒலியுமில்லை, அதிர்ச்சியுமில்லை.

இதில் அடங்கியுள்ள விதி ஒன்றே. அதிர்ச்சிக்கு முன் ஒலி தவறாது கேட்க வேண்டும்; திரும்பிய கணமே அது நிற்க வேண்டும். இவ்விரண்டும் பிசகாதிருந்தால் மாடு ஒலியை மட்டும் கேட்டே திரும்பக் கற்றுக்கொள்ளும். பிசகினாலோ, எதனால் அடிபடுகிறோமென்று அறியாது மிரளும், எல்லையையும் மதியாது. மாட்டை நிறுத்துவது அது கற்ற பாடமே யாதலால், கீழ்க்கண்ட பராமரிப்பு முறைகள் யாவும் அப்பாடம் கெடாமற் காப்பதற்கேயாகும்.

பழக்குதல்

பட்டை பூட்டிய அன்றே மாடுகளைப் பெருங்காட்டில் விடலாகாது. மூன்று பக்கம் உறுதியான வேலியுள்ள சிறு வயலில் விட்டு, நான்காம் பக்கத்தில் மட்டும் கண்காணா எல்லையை வரைய வேண்டும். அவ்வெல்லைக்கு உட்புறமே நல்ல தீனியும் தண்ணீரும் இருத்தல் அவசியம். பெரும்பாலான மாடுகள் சில நாட்களில் கற்றுவிடும். இதனைச் சோதிக்க, ஒவ்வொரு மாடும் பெற்ற ஒலிகளையும் அதிர்ச்சிகளையும் தினந்தோறும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாளேற ஏற அதிர்ச்சி குறைந்து வந்தால் பாடம் பதிந்ததென்று கொள்ளலாம். குறையாத மாட்டை மந்தையிலிருந்து விலக்கிச் சாதாரண வேலிக்குள் மேய்ப்பதே முறை. மீண்டும் மீண்டும் அதிர்ச்சிக்கு ஆளாக்குவது ஜீவகாருண்யத்துக்கும் ஒவ்வாது, பயனும் தராது.

பட்டை பூட்டுதல்

மாட்டுக்குரிய நோஃபென்ஸ் பட்டை ஏறக்குறைய 1.4 கிலோகிராம் எடையுள்ளது. இதனை இறுகப் பூட்டினால் தோல் உராய்ந்து புண்ணாகும். ஈ மொய்த்துப் புழுவும் வைக்கும். தளரப் பூட்டினால் மின்னோட்டம் செலுத்தும் சங்கிலி தோலிற் படாது. ஒலி கேட்டும் அதிர்ச்சி நிகழாமையால் மாடு ஒலியை அலட்சியம் செய்யப் பழகும். அன்றியும் தளர்ந்த பட்டை புதரிலும் கிளையிலும் சிக்கிக்கொள்ளும். ஆகவே செய்வோர் குறித்த இடைவெளியை அளந்தே பூட்டுக. வளரும் கிடாரிகளுக்குக் கழுத்து பருப்பதாலும், குளிர்நாடுகளில் உரோமம் அடர்ந்து பின் உதிர்வதாலும், ஒருமுறை அளந்தது போதாது. குறித்த நாட்களில் மந்தையைச் சேர்த்து, ஒவ்வொரு கழுத்தையும் கையால் தடவிப் பார்த்தல் வேண்டும்.

பாட்டரியும் செய்தித் தொடர்பும்

பெரும்பாலான பட்டைகளில் சூரிய வெளிச்சத்தால் பாட்டரியை நிரப்பும் தகடுகள் உண்டு. சேறும் சாணமும் படிந்தால் அவை பயன்தரா. ஈரத்துணியால் துடைத்தல் போதுமானது. எல்லையை அடிக்கடி மோதும் மாட்டின் பாட்டரி விரைவில் தீரும். ஆதலின் ஒரு பட்டை மட்டும் சீக்கிரம் வற்றினால் அந்த மாட்டின் நடத்தையையும் கவனிக்க. நார்வேயில் குளிர்காலத்தில் பகற்பொழுது மிகக் குறுகுவதால் தகடுகள் போதிய பலன் தருவதில்லை. தொழுவத்தில் அடைக்கும் மாட்டின் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்து, பாட்டரியை நிரப்பி வைப்பது நலம். கூரையின்கீழ் ஜி.பி.எஸ். தடுமாறி, உள்ளிருக்கும் மாட்டை வெளியே நிற்பதாகக் கணிக்கக்கூடும் என்பதும் இதற்கொரு காரணம்.

பட்டைகள் பெரும்பாலும் செல்பேசிக் கோபுரத்தின் மூலமே செய்தி அனுப்புகின்றன. அமெரிக்காவில் வழங்கும் வென்ஸ் முறையில் பண்ணையிலேயே தனி வானொலி நிலையம் நிறுவுகின்றனர். தொடர்பு அற்ற இடத்திலும் முன்பு பதிந்த எல்லைப்படியே பட்டை வேலை செய்யும். ஆனால் மாடு தப்பியதும் பாட்டரி வற்றியதும் உடையவருக்குத் தெரியா. புதிய எல்லையும் போய்ச் சேராது.

எல்லை வரைதல்

ஜி.பி.எஸ். சில மீட்டர் பிழைக்கு உட்பட்டது. அடர்ந்த மரநிழலிலும் குறுகிய பள்ளத்தாக்கிலும் பிழை அதிகமாகும். ஆகையால் கிணறு, செங்குத்துப் பாறை, பயிர் ஆகியவற்றின் ஓரத்தையொட்டிக் கோடு வரையலாகாது. தாராளமாக இடம் விட்டே வரைக. கூரிய மூலையும் ஒடுங்கிய சந்தும் வேண்டா. அங்கு அகப்பட்ட மாடு எப்பக்கம் திரும்பினாலும் ஒலியே கேட்கும். எல்லையை மாற்றுமுன் தண்ணீரும் நிழலும் புதிய எல்லைக்குள் இருக்கின்றனவா என்று நேரிற் சென்று பார்ப்பது கடமை.

நம்பலாகாத இடங்கள்

நாய் துரத்தும்போதும், தாகத்தால் வருந்தும்போதும், பருவத்துக்கு வந்த பசுவைத் தேடும்போதும் மாடு ஒலியையும் அதிர்ச்சியையும் பொருட்படுத்தாமல் ஓடிவிடக்கூடும். கன்றுகளுக்குப் பட்டை பூட்டும் வழக்கம் இன்மையால், எல்லை கடந்த கன்றைத் தொடர்ந்து தாயும் செல்லும். கண்காணா வேலி அயலார் மாட்டையும் மனிதரையும் தடுப்பதில்லை. எனவே நெடுஞ்சாலை, இருப்புப்பாதை, பிறர் சாகுபடி நிலம் ஆகியவற்றின் எல்லையில் நிலையான வேலியே இருத்தல் வேண்டும். உட்பிரிவுகளுக்கு மட்டும் இதனைக் கொள்க. மாடு சாலையில் விபத்து விளைத்தபின், பட்டை பூட்டியிருந்தோம் என்று கூறுவதால் இழந்த உயிர் மீளாது. கிராம அதிகாரிகளும் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வது நன்று.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. பழக்காத மாட்டை இவ்வேலிக்குள் விடாதீர்கள்.
2. கழுத்தையும் பட்டையையும் குறித்த நாளில் கையால் சோதியுங்கள்.
3. பாட்டரி, செய்தித் தொடர்பு, அதிர்ச்சிக் கணக்கு மூன்றையும் நாள்தோறும் பாருங்கள்.
4. ஆபத்தான எல்லையில் நிலையான வேலியை அகற்றாதீர்கள்.
5. தினம் ஒருமுறையேனும் மந்தையை நேரிற் சென்று காணுங்கள். மாட்டின் நிலையை மேய்ப்பவரின் கண் அறிவதுபோல் எக்கருவியும் அறியாது.