வருமான வரி: ஹெச்.ஆரிடம் ஏப்ரலிலேயே பேசுங்கள்

பிப்ரவரி வந்தால் அலுவலகங்களில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். முதலீட்டு ஆதாரங்களை உடனே கொடுக்கச் சொல்லி மெயில் வரும். அடுத்த நாளே தெரிந்தவர் ஒருவர் பாலிசி படிவத்தோடு வந்து நிற்பார். வரி மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக இருபது வருஷம் பிரீமியம் கட்ட ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் புதிய வரி முறையில் இருந்தால், அந்தப் பிரீமியத்துக்கு ஒரு ரூபாய்கூட வரிக் கழிவு கிடையாது.

அதனால், எதில் பணம் போடுவது என்று யோசிக்கும் முன் நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். நீங்கள் வாய் திறக்காவிட்டால் கம்பெனி புதிய முறையில்தான் டி.டி.எஸ். பிடிக்கும். 2025-26 நிதியாண்டுக்கு அந்த முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதன்பின் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவிகிதம் என ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவிகிதம். சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 ரூபாய். அதைக் கழித்த பிறகு வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் முழு வரியும் தள்ளுபடி. அதாவது, 12.75 லட்சம் சம்பளம் வரை வரி இல்லை. ஆனால் பங்கு விற்ற லாபத்துக்கான வரிக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது.

பழைய முறையே லாபம் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆண்டுச் சம்பளம் 15 லட்சம் என்றால், புதிய முறையில் செஸ் சேர்த்து வரி 97,500 ரூபாய். பழைய முறையில் இதே தொகைக்கு இறங்கி வர, நிலையான கழிவான 50,000 போக இன்னும் சுமார் 5.44 லட்சம் ரூபாய்க்குக் கழிவு காட்ட வேண்டும். 80சி-யில் 1.5 லட்சம், என்.பி.எஸ்.ஸில் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கூடுதலாக 50,000, குடும்பத்தின் மெடிக்கல் இன்ஷூரன்ஸுக்கு 25,000, மூத்த குடிமக்களான பெற்றோருக்கு 50,000, வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் என எல்லாவற்றையும் உச்ச வரம்பு வரை காட்டினாலும் 4.75 லட்சம்தான் வரும். அங்கே தராசைச் சாய்ப்பது ஹெச்.ஆர்.ஏ. எனும் வீட்டு வாடகைப் படி மட்டுமே.

ஹெச்.ஆர்.ஏ. கணக்கில் மூன்று தொகைகளைப் பார்ப்பார்கள்: கம்பெனி தரும் படி, கட்டும் வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவிகிதம் போக மீதி, அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவிகிதம் (சென்னையில் 50). இவற்றில் எது குறைவோ அதற்கே விலக்கு. கோவையில் அடிப்படைச் சம்பளம் 50,000, படி 20,000, வாடகை 18,000 என்றால் மாதம் 13,000 ரூபாய்க்கு விலக்கு கிடைக்கும். அப்பா பெயரில் உள்ள வீட்டில் இருந்துகொண்டு அவருக்கு வாடகை கொடுப்பதும் சட்டப்படி சரியே. ஆனால் பணம் உண்மையிலேயே வங்கி வழியாகப் போக வேண்டும். அவரும் அதைத் தன் வருமானத்தில் காட்ட வேண்டும். வாடகை ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் அவருடைய பான் எண்ணையும் கொடுக்க வேண்டும்.

புதிய முறையில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வழி இருக்கிறது. பலர் அதைக் கேட்பதே இல்லை. உங்கள் கணக்கில் கம்பெனி கட்டும் என்.பி.எஸ். பங்குக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவிகிதம் வரை கழிவு உண்டு. நீங்களாகக் கட்டும் தொகைக்கு இந்த முறையில் கழிவு இல்லை; கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும்.

ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 13.5 லட்சம், மாத அடிப்படைச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். நிலையான கழிவுக்குப் பின் 12.75 லட்சம் வரும். அதற்கு வரி 74,100 ரூபாய், மாதத்துக்கு 6,175. அதே சம்பளத்துக்குள் மாதம் 7,000 ரூபாயை கம்பெனியின் என்.பி.எஸ். பங்காக மாற்றிவிட்டால், ஆண்டுக்கு 84,000 குறைந்து வருமானம் 11.91 லட்சத்துக்கு இறங்கும். வேறு வருமானம் இல்லாவிட்டால் வரி பூஜ்ஜியம். கைக்கு வரும் சம்பளத்தில் குறைவது மாதம் 825 ரூபாய். ஓய்வுக்காகச் சேர்வது 7,000 ரூபாய். அந்தப் பணத்தை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. பின்னாளில் பென்ஷனாக வரும் பகுதிக்கு வரியும் உண்டு. அடுத்த சில வருஷத்தில் வீடு வாங்கக் கைப்பணம் தேவைப்படுகிறவர் யோசித்துத்தான் இறங்க வேண்டும். மற்றவர்கள் ஏன் தயங்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கம்பெனி கார்ப்பரேட் என்.பி.எஸ்.ஸில் சேர்ந்திருக்கிறதா, சம்பளப் பிரிவை மாற்றித் தருமா என்று ஏப்ரலிலேயே கேளுங்கள். வேலை மாறுகிறவர்களுக்கு ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் கேட்பதுதான் இன்னும் நல்லது, அப்போதுதான் பேச இடம் இருக்கும்.

வேலை மாறுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய கம்பெனியில் வாங்கிய சம்பளத்தைப் புதிய இடத்தில் சொல்லாவிட்டால், இரண்டு இடத்திலும் நிலையான கழிவையும் வரியில்லாத 4 லட்சத்தையும் தனித்தனியாகக் கொடுத்துவிடுவார்கள். மாதாமாதம் பிடித்தம் குறைவாக இருக்கும். ரிட்டர்ன் போடும்போது மொத்தமும் வட்டியோடு திரும்பி வரும். பழைய சம்பள விவரத்தை அதற்கான படிவத்தில் நிரப்பிப் புதிய கம்பெனியிடம் கொடுத்தால் இது வராது. ஐந்து வருஷம் முடியாமல் பி.எஃப். பணத்தை எடுத்தால் அதற்கும் வரி விழும். எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கமிஷன் வாங்கிக்கொண்டு போலி வாடகை ரசீதும், கட்சி நன்கொடை ரசீதும் ஏற்பாடு செய்து ரீஃபண்ட் வாங்கித் தருவதாகச் சொல்கிறவர்களின் பக்கம் போகவே போகாதீர்கள். 2025 ஜூலையில் இப்படிப்பட்ட பொய்க் கழிவுகளுக்காக வருமான வரித்துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியது. பொய் விவரம் கொடுத்தது நிரூபணமானால் அபராதம் வரியைப்போல் இரு மடங்கு. ரசீது ஏற்பாடு செய்தவர் அதைக் கட்ட மாட்டார். நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

அலுவலகத்தில் தவறான முறையைச் சொல்லிவிட்டாலும் வழி இருக்கிறது. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ஒவ்வொரு ஆண்டும் ரிட்டர்னில் முறையை மாற்றிக்கொள்ளலாம். பழைய முறை வேண்டுமானால் கெடு தேதிக்குள், வழக்கமாக ஜூலை 31-க்குள், போட்டுவிட வேண்டும். தாமதமாகப் போட்டால் அந்த ஆண்டுக்குப் புதிய முறைதான்.