பெண்களும் பொறியியலும்: கதவு எங்கே அடைபடுகிறது?

“பெண் பிள்ளைக்கு எதற்கு இயற்பியல்? உயிரியல் எடுத்தால் போதாதா?” நம்மவர் வீடுகளில் இன்றும் கேட்கக்கூடிய கேள்வி இது. அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்த அன்பே சில வேளைகளில் ஒரு கதவைச் சாத்திவிடுகிறது.

முதற்கதவு கல்லூரி வாசலில் இருந்தது. சென்னையில் தெலுங்குக் குடும்பத்தில் 1919இல் பிறந்த ஆ. லலிதாவுக்குப் பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளையும் அங்கே சேர்க்க அவர் முயன்றார். கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோ துணைநின்றார். 1940இல் லலிதா சேர்ந்தார். லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா ஆகிய இருவரும் அவரைத் தொடர்ந்து கட்டுமானப் பொறியியல் பயின்றனர். சான்றிதழில் ஆண்பாலில் அச்சிட்டிருந்த சொல்லைப் பேனாவால் அடித்துப் பெண்பாலாக மாற்றித் தரவேண்டியதாயிற்று! பின்னாளில் லலிதா பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்தொடர் பணிகளில் பங்காற்றினார். திரேசியா 1971இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளரானார்.

இரண்டாவது கதவு விதிமுறையில் இருந்தது. சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டு முதல் மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற வரம்பு இருந்தது. மதிப்பெண் இருந்தும் இடமில்லை என்ற நிலை. 2003இல்தான் அது நீங்கியது.

மூன்றாவது கதவு நம் வீட்டுக்குள் இருக்கிறது. காத்தோங் வட்டாரத்தையே பாருங்கள். தஞ்சோங் காத்தோங் பெண்கள் பள்ளி 1953இல் தொடங்கியது. நாட்டின் முதல் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி 1956இல் அதே வட்டாரத்தில் எழுந்தது. பள்ளிக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனாலும் உயர்நிலை இரண்டின் முடிவில், பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வரும்போது, பதினான்கு வயதுப் பெண் தன் எதிர்காலத்தின் ஒரு பகுதியை முடிவுசெய்கிறாள். கூடுதல் கணிதத்தை விட்டுவிட்டால் தொடக்கக்கல்லூரியில் உயர்கணிதம் கடினமாகும். இயற்பியலையும் விட்டால் பொறியியலுக்குச் செல்லும் வழி இன்னும் நீண்டுவிடும். அந்தப் படிவத்தில் அவளை யாரும் தடுப்பதில்லை. “உனக்குக் கணக்கு வராது” என்று எப்போதோ கேட்ட ஒரு சொல்லே போதும். அதே மதிப்பெண் வாங்கிய அண்ணனிடம் நாம் சொல்வது என்ன? “இன்னும் கொஞ்சம் முயன்றால் வரும்!”

பல்கலைக்கழக மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியது பெரிதல்ல. தங்கையோ, அக்காள் மகளோ, துணைப்பாட வகுப்பில் நம்மிடம் பயிலும் மாணவியோ அந்தப் படிவத்தைக் கையில் எடுக்கும்போது அருகில் அமர்வோம். எந்தப் பாடம் எந்தத் துறைக்கு இட்டுச் செல்லும் என்று பெற்றோருக்கும் தமிழிலேயே விளக்குவோம். பொறியியல் பயிலும் மாணவி ஒருவரை அவளிடம் பேசவைப்போம். அதன்பின் அவள் இலக்கியத்தைத் தேர்ந்தெடுத்தாலும் மகிழ்ச்சியே. அது அச்சத்தால் எடுத்த முடிவாக இருக்காது.

லலிதாவுக்காக ஒரு தந்தை முயன்றார். ஒரு முதல்வர் துணைநின்றார். நம் வீட்டுப் பெண்ணுக்காக நாம் ஒரு மாலைப்பொழுதையேனும் ஒதுக்குவோமே!