மறக்கும் கணிப்பொறிக்கு நினைவூட்டுவது எப்படி?

பத்தாம் வகுப்பு மாணவி, கணிப்பொறி மன்றம்



ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. அதன் பொருளைச் சென்ற கல்வியாண்டில் எங்கள் கணிப்பொறி மன்றத்தினர் நன்றாக உணர்ந்தோம்.

பள்ளிக் கண்காட்சிக்காக நாங்கள் எழுவர் சேர்ந்து ஜாவா மொழியில் ஒரு சிறு வலைச் செயலியை எழுதினோம். நூலகத்தில் வேண்டிய நூலை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள உதவும் செயலி அது. அதில் மூன்று பக்கங்கள். முதற் பக்கத்தில் மாணவி தன் பெயரையும் வகுப்பையும் எழுதுவாள். இரண்டாம் பக்கத்தில் நூலைத் தேர்ந்தெடுப்பாள். மூன்றாம் பக்கத்தில் பெயரும் நூலும் சேர்ந்து தோன்றும். 'சரி' என்னும் பொத்தானை அழுத்தினால் பதிவு முடிந்துவிடும். இதில் என்ன கடினம் இருக்கிறது என்று எண்ணினோம். முதற் பக்கத்தில் எழுதிய பெயர் மூன்றாம் பக்கம் வரை எவ்வாறு போய்ச் சேர்கிறது என்பதை மட்டும் நாங்கள் ஆழ்ந்து சிந்திக்கவில்லை. அதனால் ஒரு தவறு நேர்ந்தது; ஒரு சிறுமியின் மனமும் புண்பட்டது. அதைப் பின்னர்க் கூறுகிறோம். முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

சர்வர் ஏன் மறக்கிறது?

பிரவுசரில் நாம் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, நம் கோரிக்கை சர்வர் என்னும் கணிப்பொறிக்குச் செல்கிறது. சர்வர் மறுமொழியாக அந்தப் பக்கத்தை அனுப்புகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கான விதிமுறையே எச்.டி.டி.பி. ஆகும். ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, வலையைப் பற்றிய தம் திட்டத்தை 1989இல் முன்வைத்தார். அவர் வகுத்த விதிமுறை மிகவும் எளியது. ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனியானது. மறுமொழி புறப்பட்டதும் அந்த வேலை முடிந்தது. சற்று முன் கேட்டவர் யார், என்ன கேட்டார் என்பதையெல்லாம் சர்வர் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை.

இதைக் குறை என்று கருத வேண்டா. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பக்கங்களைக் கேட்டாலும், ஒவ்வொருவரையும் நினைவில் வைக்கும் சுமை சர்வருக்கு இல்லை. கட்டுரைகளையும் படங்களையும் பார்ப்பதற்கு இதுவே போதும். ஆனால் பல பக்கங்களில் தொடர்ந்து நடைபெறும் வேலைக்கு நினைவு வேண்டும். பெயரைச் சொல்லிவிட்டு மறு சன்னலுக்குப் போனால், அங்கிருப்பவர் "நீ யார்?" என்று மறுபடியும் கேட்பது போன்ற நிலைதான் இது. ஆகவே நினைவை நாமே ஓர் இடத்தில் வைத்தாக வேண்டும்.

நினைவை வைக்கும் மூன்று இடங்கள்

முதலாவது இடம், பக்கமே. படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை அமைத்து, அதில் பெயரை எழுதி அனுப்பலாம். அடுத்த பொத்தானை அழுத்தும்போது அப்பெயரும் சர்வருக்குத் திரும்பி வரும். சர்வர் ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் மறைந்த கட்டம் என்றாலும் அது பூட்டிய பெட்டி அன்று. பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் அதைப் படிக்கவும் முடியும், மாற்றவும் முடியும். கட்டணத் தொகையை அங்கே எழுதிவிட்டு, திரும்பி வந்ததை அப்படியே நம்பினால் ஏமாற வேண்டியதுதான்!

இரண்டாவது இடம், குக்கி. நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மொண்டுல்லி என்பவர் 1994இல் இதனை உருவாக்கினார். சர்வர் தரும் ஒரு சிறு குறிப்பைப் பிரவுசர் வாங்கி வைத்துக்கொள்கிறது. பின்னர் அதே சர்வருக்குச் செல்லும்போதெல்லாம் அக்குறிப்பையும் உடன் கொண்டு செல்கிறது. இது சிறு குறிப்புக்கு மட்டுமே ஏற்றது; ஒரு குக்கியில் ஏறத்தாழ 4,096 பைட்டுகளே கொள்ளும்.

மூன்றாவது இடம், செஷன். இதைப் புரிந்துகொள்ளச் சைக்கிள் நிறுத்துமிடத்தை நினைத்துப் பாருங்கள். சைக்கிளை உள்ளே விட்டுவிட்டு ஒரு டோக்கனை வாங்கிக்கொள்கிறோம். டோக்கனில் எண் மட்டுமே இருக்கிறது. சைக்கிள் உள்ளே பத்திரமாக இருக்கிறது. திரும்பி வந்து டோக்கனைக் காட்டினால் நம் சைக்கிள் நமக்கு வருகிறது. செஷனும் அப்படியே. செய்திகள் சர்வரில் இருக்கும். யாரும் எளிதில் ஊகிக்க முடியாத ஒரு நீண்ட அடையாளம் மட்டும் குக்கியாகப் பிரவுசருக்குச் செல்லும். ஜாவா செயலிகளில் அந்தக் குக்கிக்கு 'ஜேசெஷன்ஐடி' என்று பெயர்.

டோக்கனைத் தொலைத்தால் சைக்கிளை இழப்பது போல, இந்த அடையாளம் பிறர் கைக்குப் போனால் அவர் நம்மைப் போலவே உள்ளே நுழைந்துவிடலாம். அதனால்தான் கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்ததும் அடையாளத்தை மாற்றிவிட வேண்டும் என்பர் அறிந்தோர்.

நாங்கள் செய்த தவறு

ஜாவா மொழி 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. வலைக் கோரிக்கைகளுக்கு மறுமொழி தரும் ஜாவா நிரலைச் சர்வ்லெட் என்பர். அதனை இயக்கும் டோம்கேட் போன்ற மென்பொருள், பொதுவாக ஒரு சர்வ்லெட்டை ஒரே ஒருமுறைதான் உருவாக்கும். யார் கேட்டாலும் அந்த ஒன்றே பதில் சொல்லும். பலர் ஒரே நேரத்தில் கேட்டாலும் அந்த ஒன்றே பதில் சொல்லும்.

இதை அறியாத நாங்கள், மாணவியின் பெயரைச் சர்வ்லெட்டுக்குள்ளேயே ஒரு மாறியில் எழுதி வைத்தோம். வகுப்புக்கு ஒரே ஒரு கரும்பலகை இருக்க, அதில் ஒவ்வொருத்தியும் தன் பெயரை எழுதினால் என்ன ஆகும்? முன்னவள் எழுதியது அழிந்து பின்னவள் எழுதியதே நிற்கும் அன்றோ? நாங்கள் ஒருவர் மட்டும் அமர்ந்து சோதித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது.

கண்காட்சிக்கு முதல் நாள் எட்டுக் கணிப்பொறிகளில் மாணவியர் அமர்ந்து நூல்களைப் பதிவு செய்தனர். ஒருவருக்கு இரண்டு நூல்களே என்பது விதி. பட்டியலைப் பார்த்தால், எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் பெயரில் ஐந்து நூல்கள்! "நான் ஒண்ணுதான் கேட்டேன் அக்கா" என்றாள் அவள். நாங்கள் நம்பவில்லை. "கணிப்பொறி பொய் சொல்லுமா? பேராசைப்படாதே" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டோம். கண் கலங்கி அவள் வெளியே சென்றாள்.

இதைக் கவனித்த எங்கள் கணிப்பொறி ஆசிரியையான சிஸ்டர், எங்களை ஒன்றும் திட்டவில்லை. எங்களில் இருவரை இரண்டு கணிப்பொறிகளில் அமரச் செய்தார்கள். "இவள் முதல் பக்கத்தை முடிக்கட்டும். அடுத்து அவள் முதல் பக்கத்தை முடிக்கட்டும். பிறகு இவள் இரண்டாம் பக்கத்துக்குப் போகட்டும்" என்றார்கள். அவ்வாறே செய்தோம். முதலில் எழுதியவளின் நூல், இரண்டாவதாக எழுதியவளின் பெயரில் வந்து நின்றது! எங்களுக்குத் தலை குனிந்தது. கணிப்பொறி பொய் சொல்லவில்லை. நாங்கள் எழுதியதையே செய்தது. பொய் சொல்லாத சிறுமியைத்தான் பொய்க்காரி ஆக்கிவிட்டோம். அன்று மாலையே அவளுடைய வகுப்புக்குச் சென்று, எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டோம்.

திருத்தமும் புதிய சிக்கலும்

பெயரைச் செஷனுக்கு மாற்றி எழுதினோம். இப்போது ஒவ்வொரு பிரவுசருக்கும் தனித்தனி நினைவு. சோதித்துப் பார்க்க அந்தச் சிறுமியையே அழைத்தோம். அவள் கெட்டிக்காரி! ஒரே பிரவுசரில் இரண்டு தாவல்களைத் திறந்தாள். ஒன்றில் தனக்கும், மற்றொன்றில் ஆறாம் வகுப்பில் படிக்கும் தன் தங்கைக்கும் நூல் கேட்டாள். இரண்டு நூல்களும் தங்கையின் பெயரிலேயே பதிவாயின. "அக்கா, இன்னும் கலக்குது!" என்று சிரித்தாள்.

காரணம் என்ன? இரண்டு தாவல்களுக்கும் பிரவுசர் ஒன்றே. ஆகவே டோக்கனும் ஒன்றே, செஷனும் ஒன்றே. ஆளுக்குரிய நினைவு வேறு, பக்கத்துக்குரிய நினைவு வேறு என்பதை அப்போதுதான் அறிந்தோம். பின்னர் இரண்டு வழிகளையும் இணைத்தோம். பதிவைத் தொடங்கும்போதே அதற்கு ஒரு தனி எண் கொடுத்து, அதை மறைந்த கட்டத்தில் வைத்தோம். செய்திகளைச் செஷனில் அந்த எண்ணின் கீழ் வைத்தோம். இரண்டு தாவல்களும் இப்போது மோதவில்லை. 2004இல் வெளிவந்த ஜாவா சர்வர் ஃபேசஸ், இத்தகைய பக்க நினைவைக் காக்கும் வேலையைத் தானே செய்கிறது. அது இன்று ஜகார்த்தா ஃபேசஸ் என வழங்குகிறது. ஆயினும் கையால் ஒருமுறை செய்து பார்த்தவர்க்கே அதன் அருமை விளங்கும்.

மற்றொன்றும் கவனித்தோம். ஒருத்தி எழுந்து சென்றபின் அதே கணிப்பொறியில் வேறொருத்தி அமர்ந்தால், முன்னவளின் செஷன் இன்னும் உயிரோடு இருக்கும். டோம்கேட்டில், நாம் மாற்றாத வரை, யாரும் தொடாத செஷன் 30 நிமிடங்கள் வரை காத்திருக்கும். பலர் பயன்படுத்தும் கூடத்துக்கு அது நீண்ட நேரம். நாங்கள் அதை 10 நிமிடங்களாகக் குறைத்தோம். பதிவு முடிந்ததும் செஷனை அழித்துவிடவும் கட்டளை எழுதினோம்.

முடிவாக

இதுபோன்ற செயலியை எழுத விரும்பும் தோழியர் தொடங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நினைவு யாருடையது? அதை எங்கே வைப்பது? எப்போது அழிப்பது? மூன்றுக்கும் விடை தெரிந்த பின்னரே முதல் வரியை எழுதுங்கள். எழுதி முடித்ததும் தனியே அமர்ந்து சோதிக்காமல், இருவராகவும் எண்மராகவும் அமர்ந்து சோதியுங்கள்.

கணிப்பொறி ஒன்று சொல்ல, அருகிலிருக்கும் தங்கை வேறொன்று சொன்னால், முதலில் தங்கையின் சொல்லுக்குச் செவி கொடுங்கள். கண்காட்சி நாளில் எங்கள் செயலி ஒரு பிழையுமின்றி ஓடியது. வந்திருந்த பெற்றோர்க்கு அதை விளக்கிச் சொன்னவள் அந்த எட்டாம் வகுப்புச் சிறுமியே. இவ்வாண்டு அவள் எங்கள் மன்றத்தின் உறுப்பினள்.