வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வோர் ஆய்வுக்கு ஆயத்தமாதல்

அரியூர் நாட்டில் மிளகு பறிப்புக்கும் காப்பித் தோட்டத்துக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் தாய்மார் காலையிலேயே சென்றுவிடுகின்றனர். அங்கன்வாடிக்கு நாள்தோறும் வருவோர் பெரும்பாலும் நடை பழகி, பேசத் தொடங்கிய பிள்ளைகளே. அவர்களினும் சிறிய குழந்தைகளுக்கு அங்கிருந்து சத்துமாவு வீட்டுக்கு வழங்கப்படுகிறது. அச்சிறு குழந்தைகள் பகற்பொழுதை அப்பாயியிடமோ, அம்மாயியிடமோ, நான்கைந்து பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டுப் பெண்மணியிடமோ கழிக்கின்றனர். இது ஒரு பணி என்பதை அரசே ஏற்றிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ உடன் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பெண்களுள் ஒருவரைக் கூலியுடன் அமர்த்த வகை செய்தது.

இவ்வாறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்வோர் எம்மிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று: “பார்வையிட வருகிறார்கள் என்றால் என்ன செய்து வைக்க வேண்டும்?” வருபவர் கிராம சுகாதாரச் செவிலியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருக்கலாம். 2013இல் தொடங்கப்பெற்ற ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்கிரம் என்னும் திட்டத்தின் மருத்துவக் குழு, அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கிறது. அந்நாளில் வீட்டில் வளரும் குழந்தைகளையும் அங்கே தூக்கிச் செல்லுதல் நலம். பிறவிக் குறைபாடுகள், ஊட்டச்சத்துக் குறைவு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் அக்குழுவினர் தேடுகின்றனர். குறை காணப்பட்டால் மேற்சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

ஆய்வு என்றதும் வீட்டைக் கழுவி, பாத்திரங்களைத் துலக்கி, பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை அணிவிக்கிறார்கள். அதில் குற்றமில்லை. ஆயின் அன்று மெலிந்த குழந்தையை, சளி பிடித்த குழந்தையை, பேச்சு வராத குழந்தையைத் ‘தாயோடு இருக்கட்டும்’ என்று அனுப்பிவிடுவதுதான் எமக்குக் கவலை தருகிறது. தம் கவனிப்பின்மீது பழி வருமோ என்னும் அச்சமே இதற்குக் காரணம். அந்த அச்சம் இயல்பானது. ஆனால் வருகிற குழுவினர் தேடி வருவதே அந்தக் குழந்தையைத்தான். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேல்கை நடுப்பகுதியைப் பட்டையால் அளக்கும்போது, சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் அது கடும் மெலிவு. 11.5 முதல் 12.5 செ.மீ. வரை இருப்பின் மிதமான மெலிவு. கடுமையாக மெலிந்த குழந்தைக்குச் சாதாரண வயிற்றுப்போக்கும் உயிருக்கு ஆபத்தாகக் கூடும். ஒரு நாள் மறைத்துவைத்தால் அடுத்த பரிசோதனை வர ஆறு மாதம் ஆகலாம். அத்தனை காலம் மெலிவு காத்திருக்காது.

ஆகவே ஆயத்தத்தின் முதற்பகுதி, எல்லாக் குழந்தைகளும் அன்று உடனிருக்கச் செய்வது. அடுத்தது தாய்–சேய் நல அட்டை. பல வீடுகளில் அது தாயின் துணிப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். பார்த்துக்கொள்பவர் கையில் இராது. முதல் நாளே கேட்டு வாங்கி வையுங்கள். 6, 10, 14 வாரங்களில் போடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியும், 9 மாதம் நிறைந்ததும் ஒருமுறையும் 16–24 மாதங்களில் மறுமுறையும் போடப்படும் தட்டம்மை–ரூபெல்லா ஊசியும் அதில் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். தவறிய ஊசி இருந்தால் கூசாமல் சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவற்றைப் பின்னரும் போட்டுக்கொள்ள இயலும். எடைக் கோடு ஏறாமல் கிடையாக ஓடுகிறதா என்பதையும் கவனியுங்கள். ஒரு மாத எடையைக் காட்டிலும் அந்தக் கோட்டின் போக்கே எமக்கு மிகுதியாக உணர்த்தும்.

ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். யார் எத்தனை மணிக்கு வந்தது, என்ன உண்டது, காய்ச்சல் இருந்ததா, எத்தனை முறை வயிறு போயிற்று, எந்த மருந்தை யார் சொல்லிக் கொடுத்தது என்பவை போதும். எழுத இயலாதவர்கள் பள்ளி செல்லும் பிள்ளையை மாலையில் எழுதச் சொல்லலாம். பெற்றோரின் கைப்பேசி எண்களை அதன் முதற்பக்கத்தில் எழுதி வைப்பது மிகத் தேவை.

இங்கிலாந்தில் கூலி பெற்றுத் தம் வீட்டில் பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வோர் பதிவு செய்தாக வேண்டும். குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி பெற்றிருத்தலும் கட்டாயம். அங்கே குடியேறிய தமிழ்ப் பெண்களும் இத்தொழிலைச் செய்யும்போது இவ்விதிகளுக்கு உட்பட்டவர்களே. ஒருவர் பொறுப்பில் எட்டு வயதுக்குட்பட்டோர் ஆறு பேருக்கு மேலும், அவர்களுள் ஐந்து வயதுக்குட்பட்டோர் மூவருக்கு மேலும் இருத்தல் பொதுவாக ஆகாது. நம் மலையில் அவ்விதி இல்லை. எனினும் கைக்குழந்தைகள் இருவரை வைத்திருப்பவர், மூன்றாமதை ஏற்குமுன் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டைப் பார்ப்போம். முற்றத்தில் உலரும் மிளகு, காப்பிக்கொட்டை, பலாக்கொட்டை ஆகியவை எல்லாம் தவழும் குழந்தையின் மூச்சுக்குழலை அடைக்கும் அளவுடையவை. பாயை விரித்துக் காயவைக்கும் இடமும் குழந்தை விளையாடும் இடமும் வேறாகட்டும். மண்ணெண்ணெயையும் பூச்சிமருந்தையும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வேண்டும். தவழும் குழந்தை மூழ்க ஒரு வாளித் தண்ணீரே போதும். விறகடுப்புப் புகைக்கு எட்டாத இடத்தில் தூங்க வையுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். மரவள்ளிக் கிழங்கைத் தோல் நீக்கி, நன்கு வேகவைத்து, வெந்த நீரை வடித்துவிட்டே ஊட்டுங்கள். பச்சைக் கிழங்கில் சயனைடு நச்சு உண்டாகும் தன்மை இருக்கிறது.

மூச்சுத் திணறி அழவும் இருமவும் முடியாத கைக்குழந்தையைத் தலை தாழ முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கிடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். பொருள் வெளிவராவிடில் மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவே ஐந்து முறை அழுத்துங்கள். இரண்டையும் மாறி மாறிச் செய்க. வாய்க்குள் தெரியாத பொருளை விரலால் துழாவ வேண்டாம். இதனைச் செய்து காட்டும்படி செவிலியரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். படித்து மட்டும் இது வராது.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். துத்தநாக மாத்திரையை 14 நாள்கள் கொடுக்க வேண்டும், போக்கு நின்றதும் நிறுத்தலாகாது. குடிக்க மறுத்தாலோ, குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, அசாதாரணமாக உறங்கிக்கொண்டே இருந்தாலோ, மூச்சுவிடும்போது மார்பின் அடிப்பகுதி உள்வாங்கினாலோ தாய் வேலையிலிருந்து வரும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள். செம்மேட்டிலிருந்து சமவெளி மருத்துவமனைக்கு அனுப்ப நேர்ந்தால், காரவள்ளிச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும் என்பதை நினைவிற்கொள்க. இத்தகைய நேரத்தில் உங்கள் முடிவில் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம் என்னும் பெற்றோரின் ஒப்புதலை அந்த நோட்டுப் புத்தகத்திலேயே எழுதி வாங்கி வையுங்கள்.

பார்வையிட வந்தவர் விடைபெறுமுன், எந்தக் குழந்தையை எந்த நாளில், எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டு, அவர் கையாலேயே அட்டையில் எழுதச் சொல்லுங்கள். அன்று மாலை தாயிடம் அட்டையைத் திருப்பித் தரும்போது, அந்த வரியைப் படித்துக் காட்டியபின் கொடுங்கள்.